அக்டோபரில் சொன்னதுதான்

1949 அக்டோபர் 11, செவ்வாய். வ்ரோத்ஸ்வாஃப்.

நிலக்கரி வந்துவிட்டது. பாதி கரி, பாதி மண். ப்ரோனியாவும் நானும் வாளி வாளியாக மூன்றாம் மாடிக்குச் சுமந்தோம். அவள் டிராமில் கண்டக்டர். இந்த வீட்டில் ஓர் அறை அவளுக்கு, ஓர் அறை எனக்கு, சமையலறை இருவருக்கும் பொது. வீடு யாரோ ஒரு ஜெர்மன் பல் வைத்தியருடையதாக இருந்தது. போர் முடிந்து எல்லை மாறி, எங்களை ல்வூஃபிலிருந்து ரயிலேற்றி இங்கே இறக்கியபோது, அவரை இங்கிருந்து ரயிலேற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

காலையில் முதலாண்டுக்கு ஒப்பிலக்கணம், முதல் பாடம். எப்போதும்போல நெருப்பில் தொடங்கினேன். சமஸ்கிருதத்தில் அக்னி, லத்தீனில் இக்னிஸ், லித்துவேனியத்தில் உக்னிஸ், நம் போலிஷ் வாயில் ஒகியென். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகளின் முகத்தில் ஒரு திகைப்பு. முப்பது வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஸேனோன் மொராவிக் கதவருகே நின்றிருந்தான். என் மாணவன். ஜெர்மன்காரர்கள் ல்வூஃபில் கல்லூரிகளை எல்லாம் மூடியிருந்த காலத்தில், ஒளிந்து ஒளிந்து என் அறைக்கு வந்து கோத்திக் மொழி படித்தவன். இப்போது எங்கள் மொழிக் கல்லூரியின் துணை முதல்வர். கட்சி உறுப்பினர். ஆனாலும் என்னைத் 'தோழர்' என்பதில்லை, பழைய மரியாதையோடு 'பானி', அம்மா, என்றுதான் கூப்பிடுகிறான்.

"பானி புரொபசர், இருபதாம் தேதி ஒரு கூட்டம் வச்சிருக்கோம். மாஸ்கோலேந்து வந்திருக்கற புது மொழிக் கோட்பாடு பத்தி. நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லணும்."

"எந்த ரெண்டு வார்த்தை?"

அவன் சன்னலைப் பார்த்தான். "ஒப்பிலக்கணம் பழைய சமுதாயத்தோட சரக்கு, இத்தனை நாள் அதுல மாட்டிக்கிட்டிருந்தேன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அது ரெண்டு வார்த்தையைவிட அதிகமாச்சே, ஸேனோன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 14

புதுக் கோட்பாட்டை விளக்கும் நூலைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஒரே மூச்சில் படித்தேன். உலக மொழிகள் எல்லாமே நான்கு அசைகளிலிருந்து பிறந்தவையாம். சால், பெர், யோன், ரோஷ். மொழிக்குக் குடும்பம் என்று ஒன்று கிடையாது, வர்க்கம்தான் உண்டு என்கிறார்கள். நிரூபணம் எங்கே என்று பின் அட்டை வரை தேடினேன்.

ப்ரோனியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீட்ரூட் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாலே நாலு சத்தமா? எங்க டிராம் டிரைவர் அதைவிட அதிகம் வச்சிருக்கான். அத்தனையும் கெட்ட வார்த்தை."

அக்டோபர் 19

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? — உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, வியாழன்

எழுதிவைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரக்கூடும்.

ஹால் நிறைந்திருந்தது. முதல்வர் கோசிபா தலைமை. மனிதருக்கு எப்போதும் ஜலதோஷம், எந்தக் கூட்டத்திலும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டார். ஸேனோன் அரை மணி பேசினான். நன்றாகப் பேசினான். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பேசினான். அந்த நிறுத்தங்கள் என்னுடையவை. என் வகுப்பிலிருந்து எடுத்தவை.

கடைசியில்தான் என் பெயர் வந்தது.

"முப்பது வருஷமா பானி சலோமேயா ஹுபிட்ஸ்கா செத்த மொழிங்களோட எலும்பை அடுக்கிக்கிட்டிருக்காங்க. உயிரோட இருக்கற உழைப்பாளி அவங்க கண்ணுல படல. மொழிக் குடும்பம்ங்கறாங்க, ரத்த உறவுங்கறாங்க. ரத்தத்தையும் இனத்தையும் பேசினவங்க யாருன்னு இந்த ஊருக்கு நான் சொல்லித் தரணுமா?"

கைதட்டல். நான்காம் வரிசை, ஐந்தாம் வரிசை, எல்லா வரிசையும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லத்தீன் ஆசிரியர்கூட. அவர் மட்டும் என்னைப் பார்க்காமல் தட்டினார்.

இனத்தைப் பேசினவர்கள். என்னையா? யூதர் என்பதால் என் மாணவர்களை இழுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தவள் நான். அதை அவனும் பார்த்தான். என் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

கோசிபா, "பானி புரொபசர் எதாவது சொல்ல விரும்பறாங்களா?" என்றார்.

எழுந்தேன். "ஒரு கணக்கு கேக்கறேன். இந்தியாவுல மாடு மேய்க்கறவனும், லித்துவேனியாவுல அடுப்பு மூட்டறவளும், நானும் ஒரே வீட்டு ஆளுங்கன்னு சொல்றேன். இதுக்குப் பேரு இனவெறி. யாருக்கும் யாரும் உறவே இல்லைங்கறீங்க. இதுக்குப் பேரு சகோதரத்துவம். சரியாத்தானே புரிஞ்சிக்கிட்டேன்?"

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். உடனே அடங்கிற்று.

"நீங்க சோவியத் விஞ்ஞானத்தையே மறுக்கறீங்களா?" என்றார் கோசிபா, கைக்குட்டைக்குள்ளிருந்து.

"நான் நாலு அசையை மறுக்கறேன். அக்னி, இக்னிஸ், உக்னிஸ், ஒகியென். இது ஒரே சொல். நேத்தும் ஒரே சொல், நாளைக்கும் ஒரே சொல். இதை மாத்தற அதிகாரம் எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

உட்கார்ந்தேன். யாரும் தட்டவில்லை. நல்லது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அது போதும்.

நவம்பர் 1

எல்லாப் புனிதர் திருநாள். ஊரே கல்லறைக்குப் போகிறது. எங்களுடைய கல்லறைகள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ப்ரோனியா யாரோ ஒரு ஜெர்மன்காரியின் சமாதியில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, "நீ என் அம்மாவுக்குச் சொல்லிடு தாயே" என்றாள். போலிஷில் சொன்னால் அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டேன். "செத்தவங்களுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். உங்களுக்குத்தான் படிக்க வேண்டியிருக்கு," என்றாள்.

நவம்பர் 17

அச்சகத்துக்குப் போனேன். என் 'பால்டிக், ஸ்லாவிய ஒப்பிலக்கணம்' அங்கே பாதி வரை அச்சுக் கோத்திருந்தது. முதல் பிரதி ல்வூஃபில் எரிந்துபோனது. இது நினைவிலிருந்து திரும்ப எழுதியது.

அச்சுக்கோப்பவர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி.

"கலைக்கச் சொல்லிட்டாங்க, பானி. கலைச்சாச்சு."

"அந்தப் புள்ளி வச்ச எழுத்து, வால் வச்ச எழுத்தெல்லாம் எனக்காக வார்த்தீங்களே, அது?"

"உருக்கிட்டோம். வசந்த கால விதைப்புப் போஸ்டருக்கு எழுத்து பத்தல. பெரிய எழுத்தா வேணும்னாங்க."

வீடு வரை நடந்தே வந்தேன். அழவில்லை. திருத்தப் படிகள் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றை வாசித்துக் காட்டினால் மறுபடி கோத்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்தாவது. எனக்கு அறுபத்து நாலாகும். ஆகட்டுமே.

டிசம்பர் 9

ஒப்பிலக்கணத் துறை மூடப்பட்டது. என்னை ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க.

"இது தண்டனை இல்ல," என்றார் கோசிபா. "மக்கள் சேவை. பெரிய கௌரவம்."

"அப்படின்னா நீங்களும் வாங்களேன். ரெண்டு பேருமா கௌரவப்படலாம்."

தும்மினார்.

டிசம்பர் 24

ப்ரோனியா எங்கிருந்தோ கெண்டை மீன் பிடித்து வந்திருக்கிறாள். எங்கே என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அப்பத்தை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொண்டோம். வாழ்த்துச் சொல்லும்போது, "அடுத்த வருஷம் நாக்கைக் கொஞ்சம் அடக்கிக்கங்க," என்றாள். வாழ்த்து பலிக்காது என்று சொன்னேன்.

1950 ஜனவரி 17

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாலை வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

முப்பது பேர். எல்லாத் திசையிலிருந்தும் இந்த ஊருக்கு அள்ளிவந்து கொட்டப்பட்டவர்கள். வில்னோக்காரர், மலைக்காரர், போஸ்னியாவிலிருந்து திரும்பி வந்த போலிஷ் குடும்பம் ஒன்று. இன்று 'ஜெ' எழுத்துக்கு 'ஜெம்னியாக்' என்று உருளைக்கிழங்கைச் சொல்லித் தரலாம் என்று படம் வரைந்தேன். இது என்ன என்று கேட்டதுதான் தாமதம்.

"கார்தோஃபெல்," என்றான் ஒருவன்.

"புல்பா. எங்க ஊர்ல புல்பா."

"பராபோலா," என்றாள் ல்வூஃப் பக்கத்துக்காரி.

"பீரா-ன்னு சொல்லுங்கடா, நாகரிகமா," என்று மேற்கே போஸ்னான் நகரத்திலிருந்து வந்தவன் எழுந்தான்.

"நீ தின்னுறது பன்னிக்குப் போடறது, அதுக்கு நாகரிகம் வேறயா?"

கைகலப்பு ஆகிவிடும்போல இருந்தது. படிப்புக்குப் பொறுப்பான தொழிற்சங்கத் தோழர் க்விஸ்தாவா, வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன பானி, இங்க புரட்சியா?"

"இல்ல தோழர். இலக்கணம்."

எல்லாச் சொல்லையும் பலகையில் எழுதினேன். ஒவ்வொன்றும் எந்த வழியாக, யார் முதுகில் ஏறி வந்தது என்று சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. போஸ்னியாவிலிருந்து வந்த மரீத்ஸா, "அப்ப யாரு சொல்றதுதான் சரி?" என்று கேட்டாள். எல்லோரும் சொல்வதும் சரி என்றேன். அவளுக்கு ஏமாற்றம். தான் சொல்வது மட்டும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி தினமும் எழுத்துப் பாடம் முடிந்ததும் கொஞ்ச நேரம் சொற்களைப் பற்றி. கோசிபாவைக் கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஸேனோன் வீட்டுக்கு வந்தான். ப்ரோனியா கதவைத் திறந்து, அவனை ஏற இறங்கப் பார்த்து, "காலைத் தொடச்சிட்டு வாங்க. ரெண்டு தடவை," என்றாள்.

மெலிந்திருந்தான். தேநீர் வைத்தேன். குடிக்கவில்லை.

"ஒரே ஒரு வாக்கியம், பானி புரொபசர். நான் எழுதித் தரேன். நீங்க வாசிக்கக்கூட வேண்டாம், தலையாட்டினா போதும். வசந்தத்துல உங்களை லத்தீன் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவந்துடலாம்."

"நீங்க ரொம்பச் சிரமப்படறீங்க, தோழர் துணை முதல்வர்."

"என்னை எப்பலேந்து 'நீங்க'ன்னு கூப்பிடறீங்க?"

"அக்டோபர்லேந்து."

தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தான். பிறகு வேகமாகப் பேசினான். மனைவி, கைக்குழந்தை, ஒற்றை அறை. அண்ணன் போரில் லண்டனுக்கு ஓடிப்போன பழைய அரசின் பக்கம் நின்றவர், அது கட்சிக் கோப்பில் இருக்கிறது. "நான் பேசலைன்னா வேற ஒருத்தன் பேசியிருப்பான். என்னைவிட மோசமா. எனக்குப் பயமா இருந்தது. பயம் தப்பா?"

"பயம் தப்பில்ல. ஆனா பயந்து பேசறவன் திக்குவான், தடுமாறுவான். நீங்க அவ்வளவு அழகாப் பேசினீங்க. அதைத்தான் என்னால மறக்க முடியல."

எழுந்து போய்விட்டான். தேநீரை ப்ரோனியா குடித்தாள். "பாவமாத்தான் இருக்கு," என்றாள். எனக்கும்தான். பாவம் பார்ப்பதற்காகத் தலையாட்ட முடியாது.

ஏப்ரல் 3

ஒடெர் ஆற்றில் பனிக்கட்டி போய்விட்டது. மரீத்ஸா இன்று தன் பெயரை முழுதாக எழுதினாள். எழுதியதை விரலால் மூடி மூடிப் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் 22, வியாழன்

இதை எப்படி எழுதுவது.

ப்ரோனியா டிராமில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளைக் கொண்டுவந்தாள். மாஸ்கோவில், எல்லோருக்கும் மேலே இருப்பவரே எழுதியிருக்கிறார். புதுக் கோட்பாடு தவறாம். நான்கு அசைகள் வெறும் கற்பனையாம். மொழி உறவு உண்மையாம், அதை ஆராய்வது பயனுள்ளதாம்.

மூன்று முறை படித்தேன். பிறகு சிரித்தேன். பிறகு — ஏன் மறைக்க — கொஞ்சம் அழுதேன். எட்டு மாதமாக இருட்டு அறையில் 'இது நாற்காலி, இது நாற்காலி' என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு யாரோ விளக்கைப் போட்டது மாதிரி.

அப்புறம் கோபம் வந்தது. நாற்காலி அவர் சொன்னதால் நாற்காலி ஆகவில்லையே.

ஜூன் 24

கோசிபா வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு கொத்துப் பியோனிப் பூக்களுடன். அவருக்குப் பின்னால் கதவருகே ப்ரோனியா கை கட்டி நின்றாள்.

"பானி புரொபசர், நாங்க எப்பவும் உங்க பக்கம்தான். மனசளவுல."

"உங்க மனசு ரொம்ப அடக்கமான மனசு. வெளியவே வரல."

துறை திரும்பத் திறக்கப்படுகிறது. தலைவர் நான். புத்தகம் இந்த ஆண்டே அச்சேறும். எழுத்துகளைப் புதிதாக வார்த்துத் தருவார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. முப்பதாம் தேதிக் கூட்டத்தில் நான் முதலில் பேச வேண்டும். நம் கல்லூரியில் அந்தத் தவறான கோட்பாட்டைப் பரப்பிய ஆள் யார், எப்படிப் பரப்பினான் என்று.

"மொராவிக் பத்தியா?"

"பத்து நிமிஷம் போதும். உங்களை அவ்வளவு பேசினானே. உங்களுக்குத்தான் அந்த உரிமை."

"நீங்க அன்னிக்குத் தலைமை தாங்கினீங்க."

"தலைமை தாங்கறவர் பேசறதில்லையே." மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 27

புத்தகம். அந்த வால் வைத்த எழுத்துகள். இரண்டு நாளாக வேறு நினைவில்லை.

ஸேனோனைப் பேச எனக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. அவனைப் பற்றி நான் சொல்லப்போவது ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் இருக்கும். அதனால்தான் கஷ்டம். போன வருடம் பொய் சொல்லச் சொன்னார்கள், மறுப்பது சுலபமாக இருந்தது. இந்த வருடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறார்கள்.

ப்ரோனியா கரண்டியை ஆட்டினாள். "போய் நாலு சாத்து சாத்திட்டு வாங்களேன். அவன் உங்களைச் சாத்தலையா?"

"அவனைச் சாத்தச் சொல்லித்தானே கூப்பிடறாங்க, ப்ரோனியா. கூப்பிட்டாங்கன்னு போனா நானும் அவனும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல. உங்களுக்குப் புஸ்தகம் கிடைக்கும்."

எழுந்து போய்த் திருத்தப் படிகளின் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டிவைத்தேன்.

ஜூன் 30, வெள்ளி

அதே ஹால். அதே ஆட்கள். வெயிலுக்காகச் சன்னல்களைத் திறந்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஸேனோன் கடைசி வரிசையில் தனியாக இருந்தான். அவன் இருபக்கமும் நாற்காலிகள் காலி.

கோசிபா என்னை 'நம் கல்லூரியின் பெருமை' என்று அறிமுகப்படுத்தினார். எழுந்தேன்.

"போன அக்டோபர்ல இதே இடத்துல ஒண்ணு சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். அக்னி, இக்னிஸ், உக்னிஸ், ஒகியென். ஒரே சொல். அன்னிக்கு எல்லாரும் கைதட்டினதால இது தப்பாகல. இன்னிக்கு யாரோ எழுதினதால இது சரியாயிடவும் இல்ல."

கோசிபாவின் கைக்குட்டை நின்றது.

"மொராவிக் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. தப்பாப் பேசினார். கேவலமாவும் பேசினார். அதை அவர்கிட்ட என் வீட்டுலயே சொல்லிட்டேன். இங்க ஒண்ணுதான் கேக்கணும். அன்னிக்கு அவருக்குக் கைதட்டாதவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க. அவங்க வந்து முதல்ல பேசட்டும். நான் அப்புறம் பேசறேன்."

ஒரு கைகூட எழவில்லை. லத்தீன் ஆசிரியர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக டிராம் மணி கேட்டது.

"சரி," என்றேன். "அப்ப எனக்கும் பேச ஒண்ணும் இல்ல."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே வந்தேன்.

ஜூலை 8

எனக்குப் பிறகு லத்தீன் ஆசிரியர் எழுந்து பத்து நிமிடம் பேசினாராம். ஸேனோனை நீக்கிவிட்டார்கள். இடிந்த கட்டடங்களில் செங்கல் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போகிறானாம்.

எனக்கு ஒரு வரித் தகவல் வந்தது. 'மாலை வகுப்புப் பணியில் தொடரவும்.' புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

வருத்தமா? புத்தகத்துக்காக, ஆம். ரொம்ப. வேறு எதற்கும் இல்லை.

செப்டம்பர் 29

துறை திறந்தாயிற்று. தலைவர் கோசிபாவே. அவருக்கு லித்துவேனியம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஜலதோஷம் என்று சொல்லி உச்சரிப்பைச் சமாளித்துவிடுவார்.

அக்டோபர் 9, திங்கள்

இன்று மாலை வகுப்புக்குப் போனால், வாசலில் ஒரு கூட்டம். தொழிலாளர்கள் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள், எட்டுப் பத்துப் பேர். எழுத்துப் பாடத்துக்குப் பிறகு நான் சொற்களைப் பற்றிப் பேசுவது கல்லூரி வரை எட்டியிருக்கிறது. போன அக்டோபர் கூட்டத்தில் சிரித்த பெண் முன்னால் நின்றாள். விரலெல்லாம் மை. தோழர் க்விஸ்தாவா கதவை மறித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கப்பா, இது எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கான வகுப்பு. தெரிஞ்சவங்களை உக்காரவச்சா மேல எனக்குப் பதில் சொல்ல முடியாது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது தோழர்," என்றாள் அவள்.

"கண்ணாடி எதுக்கு?"

"தூரத்துல டிராம் நம்பர் பாக்க."

"நம்பர் மட்டும் தெரியுமாக்கும்?"

"எண் தெரியும். எழுத்துதான் வரல."

க்விஸ்தாவா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "பாவம்," என்று தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார். "எவ்வளவு பின்தங்கின இளைஞர்கள். அடுத்தது யாரு? உனக்கு?"

"தெரியாது."

"உனக்கு?"

"சுத்தமாத் தெரியாது."

ஒவ்வொருவராக உள்ளே வந்து தொழிலாளர்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் சுண்ணக்கட்டியை எடுத்துவிட்டேன். கதவைச் சாத்தப்போன க்விஸ்தாவா நின்றார். வெளியே இன்னும் ஒருவர். மேலெல்லாம் செங்கல் தூசி, கையில் தொப்பி.

"உங்களுக்கு?" என்று கேட்டார் க்விஸ்தாவா.

ஸேனோன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"தெரியாது," என்றான்.

"ஒரு எழுத்துகூடவா?"

"ஆரம்பத்துலேந்து படிக்கணும்."

க்விஸ்தாவா ஒதுங்கி நின்றார். வகுப்பு முழுதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முன் வரிசையில உக்காரு," என்றேன். "பின்னால இருந்தா நீ கவனிக்கமாட்டே."

மரீத்ஸா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். பாடத்தைத் தொடங்கினேன்.